தவிட்டோடு போன காவல்: மலையகமும் சிவப்பரிசியும்

(ஹட்டனில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நீலகிரியில் உள்ள குன்னூரும் நம் ஹட்டனைப் போலத் தேயிலை சூழ்ந்த ஊர்தான். முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு, அங்கிருந்த பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்கரிசன் என்ற இராணுவ மருத்துவர் புறாக்களை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார். நன்றாகத் தீட்டி, உயர்வெப்ப நீராவியில் அவித்த அரிசியை மட்டுமே அவற்றுக்குத் தீனியாகக் கொடுத்தார். புறாக்கள் மெலிந்தன, கால் தளர்ந்து விழுந்தன. அவற்றை அறுத்து உறுப்பு உறுப்பாக எடை பார்த்தபோது ஒரு வரிசை தெரிந்தது. எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுருங்கியிருந்தது தைமஸ் சுரப்பி. மண்ணீரலும் அந்த வரிசையில் முன்னால் நின்றது. மூளை கடைசியில் இருந்தது. 1919இல் மெக்கரிசன் இதை அச்சில் வெளியிட்டார்.

தைமஸ் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் சிறிய சுரப்பி. அது எதற்காக இருக்கிறது என்று அன்றைய மருத்துவம் அறிந்திருக்கவில்லை. 1961இல் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர், அப்போதுதான் பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளிலிருந்து அதை அகற்றிப் பார்த்த பிறகே, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு பெரும் பிரிவு முதிர்வது அங்கேதான் என்பது தெளிவாயிற்று. மண்ணீரலும் அதே காவற்பணியைச் செய்யும் உறுப்பு. ஆக, உணவு கெட்டால் உடல் தன் காவலைத்தான் முதலில் இழக்கிறது என்பதை, காவல் எது என்று தெரியாத காலத்திலேயே ஒருவர் தராசில் வைத்து அளந்துவிட்டார். புறாக்கள் இழந்தது தவிட்டை மட்டும் அல்ல. உயர்வெப்பமும் அரிசியின் விற்றமின்களை அழித்தது, பசியும் சேர்ந்தது. கடும் போசாக்கின்மை எதுவானாலும் தைமஸ் சுருங்கும் என்று இன்று நமக்குத் தெரியும். ஆனாலும் அரிசியையும் நோயெதிர்ப்பையும் இணைத்துப் பேச வேண்டுமென்றால் அந்தத் தேயிலை மலையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்றைய பேச்சு சிவப்பரிசியைப் பற்றியது. தவிடு நீங்காத, நிறமுள்ள அரிசி நம் நோயெதிர்ப்புக்கு என்ன செய்யும், எந்த அளவுக்குச் செய்யும், அது நம் தோட்டத்துப் பிள்ளைகளின் தட்டுக்கு ஏன் வரவில்லை என்பதே கேள்வி. கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

முதலில் நம் உறவினர்களின் கதை ஒன்று. நம் முன்னோர் கண்டிச் சீமைக்கு வந்த காலத்திலும் அதன் பின்னும், அதே தமிழ் மாவட்டங்களிலிருந்து மலாயாவுக்கும் ஆட்கள் போனார்கள். அங்கே பெரிபெரி நோய் சீனத் தொழிலாளரை வாரிக்கொண்டு போனது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் நின்றுபோகும் நோய் அது. ஆனால் பக்கத்திலேயே வேலை செய்த தமிழருக்கு அது அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். சீனர் உண்டது வெள்ளையாகத் தீட்டிய பச்சையரிசி. தமிழர் உண்டது புழுங்கல். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு 1907இல் அவர் ஒரு பெரிய நூலே எழுதினார். அதற்கு முன்பே 1905இல், கோலாலம்பூர் மனநோய் விடுதியில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை ஏறத்தாழ 120 பேர் கொண்ட இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய வெள்ளரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துவந்தார். வெள்ளரிசி உண்ட பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் பக்கம் ஒருவரும் இறக்கவில்லை. இன்று எந்த ஒழுக்கக் குழுவும் அந்தச் சோதனைக்கு அனுமதி தராது. அந்த 18 பேரின் சம்மதத்தை யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்ற விற்றமின் பி1 அரிசியின் உள்ளே ஊறிப்போகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பகுதி மிஞ்சும். பச்சை நெல்லைத் தீட்டினால் அதில் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடும். யாவாவில் எய்க்மன் என்ற மருத்துவர் கோழிகளிடம் கண்டதும், அவருக்குப் பின் கிரைன்ஸ் 1901இல் சரியாக விளக்கியதும் இதைத்தான். விற்றமின் என்ற கருத்தே இந்தத் தவிட்டிலிருந்து பிறந்தது. எய்க்மனுக்கு 1929இல் நொபெல் பரிசு கிடைத்தது. புழுக்கிய அரிசியின் பயனைத் தங்கள் உடலால் நிறுவிக் காட்டிய தமிழ்க் கூலிகளின் பெயர் எதுவும் எந்த ஏட்டிலும் இல்லை.

இலங்கைத் தோட்டங்களுக்கு வருவோம். கோப்பிக் காலத்திலிருந்தே இங்கு அரிசி கூலியோடு பிணைந்தது. தோட்டமே அரிசியை வரவழைத்துக் கொடுத்தது, சம்பளத்தில் கழித்துக்கொண்டது. 1927இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலும் அரிசியின் விலை ஒரு முக்கிய விடயமாக இருந்தது. அந்த அரிசியில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்தது. எந்த அரிசியை உண்பது என்று தீர்மானிக்கும் உரிமை தொழிலாளியின் கையில் ஒருபோதும் இருக்கவில்லை என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது. 1942இல் யப்பானியர் பர்மாவைப் பிடித்தவுடன் கப்பல் நின்றது, பங்கீடு வந்தது, கோதுமை மா வந்தது. 1973, 1974 ஆண்டுகளில் அரிசிப் பங்கீடு சுருங்கி மாவும் அகப்படாமல் போனபோது தோட்டங்களில் மக்கள் பட்டினியால் செத்தார்கள். அதைக் கண்ணால் கண்டவர்கள் இந்த அவையிலும் இருக்கிறீர்கள். நான் விவரிக்கத் தேவையில்லை. 1980இல் திருகோணமலையில் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கிய பிறகு கோதுமை மாவுக்குக் குறைவில்லை. காலையில் ரொட்டி, மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டி, தொட்டுக்கொள்ளக் கட்டசம்பல், குடிக்கச் சாயத்தண்ணி, சோறு இரவுக்கு. இதுதான் நமது நாளாகிவிட்டது. தவிடும் முளையும் நீக்கிய மா ஒரு புறம், தவிடு நீக்கிய வெள்ளரிசி மறு புறம்.

2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வு என்ன சொன்னது என்பதை இங்கே ஒருமுறை சத்தமாகச் சொல்ல வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதற்கும் 17.3 வீதம். தோட்டத்துறையில் 31.7 வீதம். ஏறத்தாழ மூன்று பிள்ளைகளில் ஒன்று. இந்தக் குறுகல் அரிசியால் மட்டும் வந்ததல்ல. தாயின் எடை, தண்ணீர், மலசலகூடம், நெருக்கமான லயக் காம்பரா, கூலி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஆனாலும் அந்தப் பிள்ளை நாளும் உண்ணும் தானியம் எது என்பதும் அதற்குள் இருக்கிறது.

இனிச் சிவப்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். நெல்லின் உமியை நீக்கினால் கிடைக்கும் மணியின் மேல்தோலில்தான் அந்த நிறம் முழுவதும் தங்கியிருக்கிறது. உள்ளே எல்லா அரிசியும் வெள்ளைதான். காட்டு நெல் சிவப்புத் தோலுடையது. பயிரிட்ட நெல்லில் ஒரு பரம்பரையலகில் 14 டி.என்.ஏ. எழுத்துகள் எங்கோ ஒருமுறை உதிர்ந்துபோயின. நிறம் போய் வெள்ளரிசி உண்டாயிற்று. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் சூசன் மக்கவுச்சின் குழுவினர் 2006, 2007 ஆண்டுகளில் இதைக் கண்டறிந்தார்கள். உலகத்து வெள்ளரிசி வகைகளில் மிகப் பெரும்பாலானவை அதே ஓர் இழப்பைச் சுமப்பவை. மனிதர் வெள்ளையை விரும்பி விரும்பிப் பொறுக்கியதால் அது நாடு நாடாகப் பரவியது.

அந்தச் சிவப்பு என்ன பொருள் என்று கேட்டால், தேயிலையோடு வாழும் நமக்கு விடை பழக்கமானது. கொழுந்துக்குள் இருக்கும் கேட்டெச்சின் வகைப் பொருட்களைப் பற்றித் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரைத்த கொழுந்தைக் காற்றுப்பட வைக்கும்போது பச்சை மாறிச் செம்பு நிறம் வருவது அவற்றால்தான். அதே கேட்டெச்சின், எப்பிகேட்டெச்சின் அலகுகள் ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியானால் அது புரோஅந்தோசயனிடின். சிவப்பரிசித் தோலின் நிறம் அதுதான், துவர்ப்பும் அதனால்தான். கவுனி போன்ற கறுப்பரிசியில் இருப்பது வேறு, அது அந்தோசயனின். நாவற்பழத்தின் ஊதா நிறத்தைத் தரும் வகை. நாம் பறித்துக் கப்பலில் அனுப்பும் இலையின் செல்வமும் நாம் ஆலையில் உரித்துக் கொட்டும் தவிட்டின் செல்வமும் ஒரே குடும்பம். இலைக்காக 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தலவாக்கலையில் இருக்கிறது. அந்த இலையைப் பறிக்கும் கையின் உணவுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கவனமாவது கிடைத்திருக்க வேண்டும்.

நிறத்தோடு தவிட்டில் வேறும் உண்டு: நார்ப்பொருள், பி வகை விற்றமின்கள், மக்னீசியம், நாகம், விற்றமின் ஈ வகைகள், ஒரைசனால். நாகம் குறைந்தால் தைமஸ் சுருங்கும், வயிற்றோட்டம் நீளும். இவை எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. நிறத்தை மட்டும் பிரித்தெடுத்துப் புகழ்வது சரியல்ல.

நோயெதிர்ப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் அதைக் கூட்ட வேண்டும், பெருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறோம். 2020க்குப் பிறகு பைக்கற்றிலும் போத்தலிலும் அப்படித்தான் எழுதி விற்கிறார்கள். உடலின் காவல் அளவோடு இருக்க வேண்டிய ஒன்று. தேயிலையைக் கவ்வாத்து வெட்டாமல் விட்டால் மரமாகிப் போகும், கொழுந்து இராது. அளவுக்கு மீறி வெட்டினால் செடியே பட்டுப்போகும். அழற்சியும் அப்படி. கிருமி வந்தபோது எழ வேண்டும், வேலை முடிந்தபின் தணிய வேண்டும். தணியாத அழற்சி உடலையே தின்னும். நீரிழிவு, இதயநோய், மூட்டுவலி ஆகியவற்றின் பின்னால் அது இருக்கிறது. பிள்ளைகளிடம் அது வேறொரு வடிவம் எடுக்கிறது. அசுத்தத் தண்ணீரோடும் மண்ணோடும் நாளும் உள்ளே போகும் கிருமிகளால் சிறுகுடலின் சுவர் ஓயாமல் அழன்றுகொண்டே இருக்கும். வயிற்றோட்டம் கூடத் தெரியாது. ஆனால் உண்ட சத்து உறிஞ்சப்படாது, வளர்ச்சிக்குப் போக வேண்டியது காவலுக்கே செலவாகும். வறிய நாடுகளில் பிள்ளைகளின் உயரம் குறுகுவதற்கு இது ஒரு பெருங்காரணம் என்று ஆய்வாளர் கருதுகிறார்கள்.

சிவப்பரிசி இந்தக் குடலிலிருந்துதான் வேலையைத் தொடங்குகிறது. நீண்ட சங்கிலியான புரோஅந்தோசயனிடின் எளிதில் இரத்தத்துக்குள் போகாது. பெரும்பகுதி பெருங்குடல் வரை இறங்கி, அங்குள்ள பக்டீரியாக்களால் சிறு துண்டுகளாக உடைக்கப்படுகிறது. நார்ப்பொருளையும் அவை நொதிக்கச் செய்து பியூட்டிரேற்று போன்ற சிறு கொழுப்பமிலங்களை ஆக்குகின்றன. பியூட்டிரேற்று குடற்சுவரின் அணுக்களுக்கு உணவு. அதோடு, அழற்சியைத் தணிக்கும் ஒரு வகை வெள்ளணுக்கள் குடலில் பெருக அது உதவுகிறது என்பதை 2013இல் வெவ்வேறு ஆய்வுக் குழுக்கள் சுண்டெலிகளில் காட்டின.

சான்று எந்த அளவுக்கு வலுவானது? ஆய்வுகூடத் தட்டில் வைத்த அணுக்களில் சான்று தெளிவு. கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகத்தின் ஆய்வாளர்கள் சுது ஹீனட்டி, மசுரன், கொட ஹீனட்டி, திக்வீ போன்ற நம் நாட்டுச் சிவப்பரிசிகளின் தவிட்டை ஆராய்ந்து, ஒட்சியேற்றத்தையும் அழற்சியையும் தணிக்கும் ஆற்றலைப் பதிவுசெய்திருக்கிறார்கள். சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் அனில் குணரத்னவும் உடனாய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வும், நம் மரபுச் சிவப்பரிசிகளின் ஒட்சியேற்ற எதிர்ப்பு வெள்ளரிசியைவிடப் பெரிதும் கூடியது என்று காட்டியது. விலங்குகளிலும் நல்ல செய்திகள் உண்டு. மனிதரிடம் வரும்போது குரல் தணிகிறது. 2017இல் அமெரிக்காவில் 81 பேருக்கு 6 வாரம் முழுத்தானியமும் தீட்டிய தானியமும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். முழுத்தானியம் உண்டவர்களின் குடற்பக்டீரியாவிலும் சில நோயெதிர்ப்பு அணுக்களிலும் நல்ல மாற்றம் தெரிந்தது. ஆனால் சிறிய மாற்றம். ஆய்வாளர்களே அப்படித்தான் எழுதினார்கள். அந்தத் தானியமும் பெரும்பாலும் கோதுமை. நமக்கு இன்னும் நெருங்கிய ஆய்வு 2019இல் வெளிவந்தது. நிக்கராகுவாவிலும் மாலியிலும் 6 மாதம் முதல் 12 மாதம் வரையான குழந்தைகளுக்கு, வெப்பத்தால் பதப்படுத்திய அரிசித் தவிட்டை உணவில் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். குழந்தைகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். வளர்ச்சியிலும் குடற்பக்டீரியாவிலும் மாற்றம் காணப்பட்டது. ஒவ்வொரு நாட்டிலும் ஐம்பதுக்கும் குறைவான குழந்தைகளே அதில் இருந்தார்கள்.

ஆகவே சிவப்பரிசி உண்டால் காய்ச்சல் வராது, கொள்ளைநோய் அண்டாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். நிறமுள்ள அரிசியை வைத்து மனிதரிடம் நடந்த சோதனைகள் சிறியவை, குறுகிய காலத்தவை. தடுப்பூசிக்கும் சுத்தமான தண்ணீருக்கும் அது ஈடாகாது. நாள்தோறும் நாம் எப்படியும் உண்ணப்போகும் சோறு, குடலுக்கும் காவலுக்கும் வேண்டிய பொருட்களைத் தாங்கி வருமா, அவற்றை ஆலையில் விட்டுவிட்டு வருமா என்பதுதான் எனக்கு முக்கியம். இந்த இரண்டில் முதலாவதைத் தேர்வதற்கு, கையில் உள்ள சான்று எனக்குப் போதும்.

அப்படியானால் நாம் ஏன் உண்பதில்லை? அறியாமை என்று சொல்லும் உரைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். தோட்டத்துத் தாய்மாரிடம் கேட்டுப் பாருங்கள். நோர்வூட் பக்கத்தில் ஓர் அம்மா எனக்குச் சொன்ன பதில் இது: "நல்லதுன்னு தெரியும் சேர். வேக எம்புட்டு நேரம் ஆகுது பாத்தீங்களா? அந்த வெறக யாரு பொறுக்குறது?" அவர் சொன்னதில் பௌதிகம் இருக்கிறது. உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறையும். ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் குறையும். கடல்மட்டத்தில் 100 பாகை என்றால் ஹட்டனில் 96 பாகையளவு, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையளவு. கொதிக்கிற தண்ணீரே சூடு குறைந்தது. தவிட்டுத் தோலோ தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. கொழும்பில் எழுதிய சமையற்குறிப்பு இங்கே பலிக்காது. விடியுமுன் எழுந்து, பிள்ளையைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்தி, பெரட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய பெண்ணுக்கு ரொட்டி சுடும் நேரம்தான் இருக்கிறது. நீண்ட நேரம் எரியும் விறகு நீண்ட நேரப் புகை. புகை சூழ்ந்த காம்பராவில் வளரும் குழந்தையின் நுரையீரலுக்கு மார்ச்சளி எளிதில் பிடிக்கும். நோயெதிர்ப்புக்காகச் சிவப்பரிசியை ஆக்கி, அதே அடுப்பால் பிள்ளையின் மூச்சைக் கெடுத்தால் நாம் சாதித்தது ஒன்றுமில்லை.

இதற்கு வழி இருக்கிறது. இரவே ஊறவைப்பது முதல் வழி. ஊறிய சிவப்பரிசி வேகும் நேரம் நன்றாகக் குறையும். தவிட்டிலுள்ள பைற்றிக் அமிலம் இரும்பையும் நாகத்தையும் பிடித்துவைத்துக்கொள்வது. ஊறும்போது அதுவும் ஓரளவு குறையும். நம் மலைக்குளிரில் பச்சைத் தண்ணீரில் ஊறவைப்பது போதாது. இரவுச் சமையல் முடிந்த அடுப்பின் சாம்பற்சூட்டில், இளஞ்சூடான தண்ணீரில் மூடிவைக்க வேண்டும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி ஆக்க வேண்டும். வசதி உள்ளவர்களுக்கு பிரஷர் குக்கர் இந்த மலையின் குறையை முழுக்கத் தீர்த்துவிடும். குக்கருக்குள் அழுத்தம் கூடி, நுவரெலியாவிலும் தண்ணீர் 100 பாகையைத் தாண்டும். தோட்டத்துக் குடும்பங்களுக்கு நன்கொடை கொடுக்க விரும்புவோர் சங்கங்களுக்கு எழுதிக் கேட்கிறார்கள் என்று அறிகிறேன். குக்கர் கொடுங்கள் என்று சொல்லுங்கள்.

இரும்பைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் பெண்களின் குருதிச்சோகை சிவப்பரிசிப் பேச்சில் மறைந்துவிடக் கூடாது. சிவப்பரிசியில் இரும்பு நிறைய இருப்பதாக விளம்பரம் செய்கிறார்கள். அதன் நிறப்பொருளே இரும்பைப் பிடித்துக்கொள்ளும் தன்மையுடையது, தேநீரும் அதே. உணவோடு சாயத்தண்ணி குடித்தால் தாவர உணவிலிருந்து கிடைக்கும் இரும்பில் பாதிக்கு மேல் உறிஞ்சப்படாமல் போகலாம். ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் அந்தத் தடை பெரிதும் குறையும் என்று 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. எனவே சிவப்பரிசிச் சோற்றுக்கு மேல் உடனே சாயத்தண்ணி குடிப்பது, ஒரே குடும்பத்துத் தடையை இரண்டு மடங்காக்குவது. சோற்றோடு தேசிக்காய் பிழியுங்கள், பொன்னாங்காணியோ வல்லாரையோ சேருங்கள், கொஞ்சம் நெத்தலிக் கருவாடு சேருங்கள். தேசிக்காயின் விற்றமின் சியும் கருவாட்டின் புரதமும் அந்தப் பூட்டைத் தளர்த்தும். தேத்தண்ணியை விடச் சொல்ல நான் வரவில்லை. அது நம் உழைப்பு, நம் பசியாற்றி. சோற்றிலிருந்து சற்றுத் தள்ளிவைத்தால் போதும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்பு மாத்திரைக்கும் இதே விதி பொருந்தும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நெல் மண்ணிலிருந்து ஆர்செனிக்கையும் இழுக்கும். அது தவிட்டில் அதிகம் தங்கும். நிறையத் தண்ணீரில் ஆக்கி வடித்தால் கணிசமான பங்கு குறையும். பால்மறக்கும் குழந்தைக்குச் சிவப்பரிசிக் கஞ்சி ஒன்றே உணவு என்று வைக்காமல், குரக்கன், பயறு, கிழங்கு, முட்டை என்று மாற்றி மாற்றிக் கொடுப்பது நல்லது.

ஆலையும் கடையும் அடுத்தவை. சிவப்பரிசி என்று விற்பதில் எவ்வளவு சிவப்பு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். நன்றாகத் தீட்டினால் கோடுகோடாகச் சில செங்கீற்றுகள்தான் எஞ்சும், பயனும் அவ்வளவே. தீட்டாத அரிசி நெடுநாள் கிடந்தால் தவிட்டின் எண்ணெய் காறிவிடும். கடைக்காரர் அதற்கு அஞ்சுவது நியாயம். புழுக்கிய சிவப்பரிசி இன்னும் நாள் தாங்கும், ஏனென்றால் அந்தக் காறலை உண்டாக்கும் நொதியம் அவியலில் செயலிழந்துவிடுகிறது. நிறப்பொருளில் ஒரு பங்கை அவியல் எடுத்துக்கொண்டாலும், தோட்டத்துக் கடைக்கு அதுவே பொருத்தம் என்பது என் எண்ணம். விலை இன்னும் பெரிய சுவர். கலு ஹீனட்டி, பச்சைப்பெருமாள், மடத்தவாளு என்று பெயர் சொல்லி அழகான பைகளில் விற்கும் மரபரிசி நம் நாட்கூலிக்கு எட்டாது. யாழ்ப்பாணத்து மொட்டைக்கறுப்பனும் தமிழ்நாட்டு மாப்பிள்ளைச் சம்பாவும் அப்படியே. அங்கே நெல் ஜெயராமன் 2006 முதல் ஆதிரெங்கத்தில் விதைத் திருவிழா நடத்தி மரபு நெல்லைக் காப்பாற்றியது பெருந்தொண்டு. ஆனால் காப்பாற்றிய நெல் செல்வந்தர் சமையலறையோடு நின்றுவிடக் கூடாது. நமக்கு வேண்டியது மலிவான சாதாரணச் சிவப்பரிசி. ஏ.டி. 362 போன்ற சிவப்புத்தோல் புதுவகைகள் இந்நாட்டு வயல்களில் ஏராளமாக விளைகின்றன. பெயர்போன மரபு வகை இல்லாவிட்டாலும் அதன் தோலிலும் அதே குடும்பத்து நிறம்தான். 2024 இறுதியில் சிவப்புப் பச்சையரிசி கடைகளில் கிடைக்காமல் போனதை நினைவுகூருங்கள். அரிசி இந்த நாட்டில் சிலரின் களஞ்சியத்தைப் பொறுத்தது. எனவே ஒவ்வொரு வீடும் தனித்தனியே தேடி வாங்கட்டும் என்று விட்டுவிட முடியாது.

அதனால்தான் நான் பிள்ளைக் காம்பராவைப் பார்க்கிறேன். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் பொறுப்பில் இயங்கும் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் தோட்டங்களில் இருக்கின்றன. தாய் மலையில் இருக்கும் நேரமெல்லாம் பிள்ளை அங்கே இருக்கிறது. அங்கே ஒரு பெரிய அடுப்பில், ஒரு பெரிய குக்கரில், ஒருவர் ஆக்கினால் 30 பிள்ளைகளுக்குப் போதும். விறகும் புகையும் நேரமும் ஒரே இடத்தில் தீர்கின்றன. வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தயிலும் நம் மாவட்டத்திலேயே நெல் விளைகிறது. அங்குள்ள விவசாயிகளின் சிவப்பு நெல்லை நேரே வாங்கி, சிறு ஆலையில் உமி மட்டும் நீக்கி, மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்தால் காறல் பயமும் இல்லை. வாரத்தில் சில நாள் இலைக்கஞ்சி, சில நாள் பருப்பும் கீரையும் சேர்த்த சோறு. சிங்களக் கிராமத்துப் பிள்ளை காலையில் குடிக்கும் கொலக்கந்த நம் பிள்ளைக்கும் கிடைக்கட்டும்.

இதை வெறும் தருமமாகச் செய்யாமல் ஆய்வாகவும் செய்ய வேண்டும் என்பதே என் விண்ணப்பம். தட்டிலுள்ள அணுக்களில் தெரிந்தது நம் பிள்ளைகளின் உடலில் தெரிகிறதா என்று இங்கேயே பார்க்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் எடையும் உயரமும் குறித்த சுகாதாரப் பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர் மாதந்தோறும் நிறுக்கிறார். சில நிலையங்களில் சிவப்பரிசியும் சிலவற்றில் இப்போதுள்ள உணவும் என்று, பெற்றோரின் சம்மதத்தோடும் மருத்துவ ஒழுக்கக் குழுவின் அனுமதியோடும் இரண்டு ஆண்டு நடத்தினால், வயிற்றோட்டமும் மார்ச்சளியும் எத்தனை நாள் வந்தன, உயரம் எவ்வளவு கூடியது என்பது தெரியும். பேராதனைப் பல்கலைக்கழகம் மலையிறங்கினால் வந்துவிடும் தூரத்தில் இருக்கிறது; மரபு நெல் விதைகளைக் காக்கும் தாவர மரபணுவள நிலையமும் அதன் அருகே கன்னொறுவையில் இருக்கிறது. முடிவு சிறியதாக வந்தாலும் சரி, ஒன்றுமில்லை என்று வந்தாலும் சரி, அதை நம் மக்களுக்கு அவர்களுடைய மொழியிலேயே சொல்ல வேண்டும். கோலாலம்பூரில் கேட்காமல் செய்ததை ஹட்டனில் கேட்டுச் செய்வோம்.

இந்த அவையில் தோட்ட நிருவாகத்தைச் சேர்ந்தவர்களும் தொழிற்சங்கத் தலைவர்களும் இருக்கிறார்கள். அடுத்த சம்பளப் பேச்சின் நிகழ்ச்சிநிரலில், கூலிக்கு அடுத்த வரியில், பிள்ளைக் காம்பராவின் மதிய உணவை எழுதுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை பிள்ளைகள், மாதத்துக்கு எத்தனை கிலோ அரிசி, யார் ஆக்குவது, குக்கருக்கு யார் பணம் என்ற நான்கு கேள்விகளுக்கு விடை எழுதினால் வேலையைத் தொடங்கிவிடலாம்.